பறவைக் காய்ச்சல் பறவையோடு நிற்கவில்லை



கோழிக்கு நோய் என்று பத்திரிகையில் செய்தி வந்தால் நம் பஜாரில் முதலில் எழும் கேள்வி, "இன்று நாமக்கல் முட்டை என்ன விலை?" என்பதுதான். சரக்கை வாங்கி விற்றுப் பிழைக்கிறவர்கள் விலையைத்தான் முதலில் பார்ப்போம், அதில் தவறில்லை. ஆனால் சென்ற சில ஆண்டுகளாக இந்த நோயைப் பற்றி வரும் செய்திகள் வேறு விதமாக இருக்கின்றன. புலி செத்தது, பூனை செத்தது, கடற்சிங்கங்கள் ஆயிரக்கணக்கில் கரை ஒதுங்கின, அமெரிக்காவில் பசுமாட்டுக்கு வந்துவிட்டது என்றெல்லாம் படிக்கிறோம். சங்கத்துக்கு வரும் நண்பர்கள் சிலர், "கோழி நோய்க்கும் புலிக்கும் என்ன சம்பந்தம்? புலிக்கும் நம் கடைக்கும் என்ன சம்பந்தம்?" என்று கேட்டார்கள். நியாயமான கேள்வி. நாம் மருத்துவம் படித்தவரல்ல, தானிய மண்டி வைத்திருப்பவர். இருந்தாலும் கோழித் தீவனத்துக்குப் போகும் மக்காச்சோளத்தை நாற்பது ஆண்டுகளாகக் கையாளுவதால் இந்த நோயின் போக்கைக் கவனித்தே ஆகவேண்டிய நிலை. படித்தும் விசாரித்தும் தெரிந்துகொண்டதை இங்கே எழுதுகிறோம்.

முதலில் நோயின் பூர்வீகம். இப்போது உலகம் முழுவதும் சுற்றும் எச்5என்1 என்ற கிருமியின் மூலம் 1996-ல் சீனத்தின் குவாங்டோங் மாகாணத்தில் ஒரு வாத்துப் பண்ணையில் கண்டெடுக்கப்பட்டது. மறு ஆண்டே ஹாங்காங்கில் 18 பேருக்கு வந்து 6 பேர் இறந்தார்கள். அந்த ஊரில் இருந்த கோழிகள் அத்தனையையும், பத்து லட்சத்துக்கும் மேல், அரசாங்கம் கொன்று தீர்த்தது. 2005-ல் சீனத்தின் சிங்காய் ஏரியில் வரித்தலை வாத்துகள் ஆயிரக்கணக்கில் செத்தன. வலசை போகும் பறவை மூலம் கண்டம் விட்டுக் கண்டம் போகும் என்பது அப்போது தெளிவாயிற்று. இந்தியாவில் 2006 பிப்ரவரியில் மகாராஷ்டிரத்தின் நவாப்பூரில் முதன்முதலாகக் கண்டுபிடித்தார்கள். 2008-ல் மேற்கு வங்கத்தில் லட்சக்கணக்கான கோழிகள் அழிக்கப்பட்டன. நம் அண்டை மாநிலமான கேரளத்தில் ஆலப்புழை, கோட்டயம் பகுதி வாத்துகளுக்கு 2014-ல் வந்தது. அதன்பின் அங்கே விட்டு விட்டு வந்துகொண்டே இருக்கிறது.

இந்த வரலாறு முழுவதிலும் பறவைதான் முக்கிய பாத்திரம். மனிதருக்கோ மிருகத்துக்கோ வந்தது அங்கொன்றும் இங்கொன்றுமாகத்தான். ஏன் என்றால், கிருமி உடலுக்குள் நுழைய ஒரு பூட்டைத் திறக்க வேண்டும். பறவையின் குடலிலும் மூச்சுக்குழலிலும் இருக்கும் பூட்டும், நம் மூக்கு தொண்டையில் இருக்கும் பூட்டும் வேறு வேறு. பறவைக் கிருமியிடம் இருக்கும் சாவி நம் பூட்டுக்குச் சரியாகப் பொருந்தாது. ஆனால் ஒரே நேரத்தில் அளவுக்கு மீறிய கிருமி உள்ளே போனால், பொருந்தாத சாவியாலும் ஏதோ ஒரு கதவு திறந்துவிடும். உள்ளே போனபின் கிருமி பெருகும்போது அதன் உருவில் சிறு சிறு மாற்றங்கள் ஏற்படுகின்றன. பாலூட்டிகளின் உடலில் நன்றாக வளரத்தக்க மாற்றமும் அதில் அகப்பட்டுவிடுகிறது. பத்துக்கு ஒன்பது தடவை அது அந்த மிருகத்தோடு முடிந்துபோகும். பத்தாவது தடவைதான் கவலை.

கூண்டுப் புலிகள்

2024 டிசம்பர் கடைசியில் நாக்பூர் அருகே கோரேவாடா மீட்பு மையத்தில் மூன்று புலிகளும் ஒரு சிறுத்தையும் அடுத்தடுத்துச் செத்தன. மனிதரைத் தாக்கியதற்காக சந்திரபூர் பகுதியில் பிடித்துக் கொண்டுவரப்பட்ட புலிகள் அவை. மாதிரிகள் போபாலில் உள்ள உயர்பாதுகாப்பு விலங்கு நோய் ஆய்வு நிறுவனத்துக்குப் போயின. 2025 ஜனவரியில் முடிவு வந்தது: எச்5என்1. தீனியாகக் கொடுத்த கோழிக்கறி வழியாக வந்திருக்கலாம் என்றே சந்தேகம் எழுந்தது.

அதே மாதம் மத்தியப் பிரதேசத்தின் சிந்துவாரா நகரில் வீட்டுப் பூனைகள் செத்தன. பூனைகளிடமும் கிருமி இருந்தது, ஊர் இறைச்சிச் சந்தையில் எடுத்த மாதிரியிலும் இருந்தது. கோழிக் கடைகள் மூடப்பட்டன, கையிருப்புக் கோழியும் முட்டையும் அழிக்கப்பட்டன. 2025 மே மாதம் உத்தரப் பிரதேசத்தில் கோரக்பூர் மிருகக்காட்சி சாலையில் ஒரு பெண் புலி இதே நோயில் இறந்தது. லக்னோ, கான்பூர் உட்பட அந்த மாநிலத்தின் மிருகக்காட்சி சாலைகளைப் பூட்டி வைத்தார்கள்.

இது புதிதா என்றால் இல்லை. 2004 அக்டோபரில் தாய்லாந்தின் சிராச்சா என்ற ஊரில் ஒரு புலிக் காட்சிசாலையில் 441 புலிகள் இருந்தன. கோழி நோய் நாடெங்கும் இருந்த சமயம், கோழி உடல்களைப் பச்சையாகவே தீனி போட்டார்கள். 147 புலிகள் போயின, செத்தவையும் கொல்லப்பட்டவையும் சேர்த்து. அதே ஆண்டு அந்த நாட்டில் செத்த வாத்தைத் தின்ற ஒரு நாயும் இறந்தது.

வணிகர்களாகிய நாம் இதில் கவனிக்க வேண்டிய சங்கதி ஒன்று உண்டு. சிராச்சா புலிகளுக்கு நோயைக் கொண்டுவந்தது சைபீரியாவில் இருந்து பறந்து வந்த பறவை அல்ல. கிலோ கணக்கில் எடை போட்டு, பில் போட்டு, வண்டியில் ஏற்றி வந்த கோழி. சிந்துவாராவிலும் பூனை ஏரிக்குப் போய் வாத்து பிடிக்கவில்லை. காட்டுப் பறவை ஒரு பண்ணை வரைக்கும் கொண்டுவந்து விடுகிறது. அதற்கு அப்பால் நோய் போகும் பாதையில் பெரும்பகுதி கொள்முதல், கூண்டு, லாரி, கடை, கழிவு என்று நம் தொழில் நடக்கும் பாதைதான்.

கடலும் மாட்டுத் தொழுவமும்

வெளிநாட்டில் நடந்தவை இதைவிடப் பெரியவை. 2022 அக்டோபரில் ஸ்பெயின் நாட்டின் கலீசியா பகுதியில் ரோமத்துக்காக வளர்க்கும் மிங்க் என்ற கீரி வகைப் பிராணிகள் ஐம்பதாயிரத்துக்கும் மேல் இருந்த பண்ணையில் நோய் புகுந்தது. கூண்டுக்குக் கூண்டு பரவிய விதத்தைப் பார்த்தபோது, பறவை இல்லாமலே பிராணியிலிருந்து பிராணிக்குத் தொற்றியிருக்கிறது என்ற முடிவுக்கு ஆராய்ச்சியாளர்கள் வந்தார்கள். 2023-ல் பெரு நாட்டுக் கடற்கரையில் ஐயாயிரத்துக்கும் மேற்பட்ட கடற்சிங்கங்கள் செத்து ஒதுங்கின. அதே ஆண்டு அக்டோபரில் அர்ஜென்டினாவின் வால்தேஸ் தீபகற்பத்தில் யானைச் சீல் என்ற கடல் பிராணியின் குட்டிகள் பதினேழாயிரத்துக்கும் மேல் மாண்டன. அந்த ஆண்டு அங்கே பிறந்த குட்டிகளில் நூற்றுக்கு மூன்று நான்கு தப்பியிருந்தால் அதிகம். அதுவரை பெரும்பாலும் பறவையைத் தின்ற பிராணிக்கு நோய் வந்தது, அதோடு சரி. மிங்க் பண்ணையிலும் கடற்கரையிலும் அப்படி நிற்கவில்லை.

அடுத்தது மாடு. எவரும் எதிர்பார்க்காதது இதுதான். 2024 தொடக்கத்தில் அமெரிக்காவின் டெக்சாஸ் மாநிலத்தில் கறவைப் பசுக்கள் தீனி எடுக்காமல் சோர்ந்தன. பால் குறைந்தது, வந்த பாலும் சீம்பால் போலத் தடித்து மஞ்சளாக வந்தது. பண்ணையில் அந்தப் பாலைக் குடித்த பூனைகள் பாதிக்கு மேல் செத்த பிறகுதான் இது வேறு ஏதோ என்று சந்தேகம் பிறந்தது. மார்ச் மாதம் உறுதியாயிற்று. காட்டுப் பறவையிடமிருந்து ஒரு தடவை மாட்டுக்குத் தாவிய கிருமி, பிறகு மாட்டிலிருந்து மாட்டுக்கே போயிருக்கிறது. எப்படி? மாட்டின் மடியில் இந்தக் கிருமிக்குப் பொருந்தும் பூட்டு நிறைய இருக்கிறதாம். நோய்ப்பட்ட மாட்டைக் கறந்த இயந்திரத்தை அடுத்த மாட்டுக்கு மாட்டினால் போதும், கிருமி போய்விடும். மாட்டை லாரியில் ஏற்றி வேறு மாநிலத்துக்கு விற்றார்கள், நோயும் லாரியில் ஏறியது. ஏப்ரல் மாதம் பரிசோதனை செய்யாமல் கறவை மாட்டை மாநிலம் கடத்தக்கூடாது என்று உத்தரவு போட்டபோது காலம் கடந்திருந்தது. 2025 நடுவில் 17 மாநிலங்களில் ஆயிரத்துக்கு மேற்பட்ட மந்தைகள் கணக்கில் வந்துவிட்டன, அதில் எழுநூறுக்கு மேல் கலிபோர்னியாவில் மட்டும். மாட்டுப் பண்ணை ஆட்களுக்கும் கண் சிவப்பு, காய்ச்சல் என்று வந்தது. அவர்கள் பிழைத்தார்கள்.

பால் வியாபாரம் செய்யும் நம் உறுப்பினர்கள் பயப்பட வேண்டியதில்லை. அங்கே கடையில் விற்ற பாலைச் சோதித்தபோது ஐந்தில் ஒன்றில் கிருமியின் துணுக்குகள் இருந்தன, ஆனால் உயிரோடு எதுவும் இல்லை. பாலைச் சூடாக்கிப் பதப்படுத்தும் முறையிலேயே கிருமி செத்துவிடுகிறது. நம் வீடுகளிலும் டீக்கடைகளிலும் பாலைப் பொங்கப் பொங்கக் காய்ச்சித்தான் பழக்கம். பச்சைப் பால் உடம்புக்கு நல்லது என்று அந்த நாட்டில் ஒரு கூட்டம் கிளம்பியிருக்கிறது, அவர்கள் பாடு. நம் ஊரில் மாட்டுக்கு வந்துவிட்டது என்று யாராவது கிளப்பிவிட்டால், மந்தை மந்தையாகப் பரவிய அந்தச் செய்தி அமெரிக்காவில் நடந்தது என்று எடுத்துச் சொல்லுங்கள்.

முட்டைக்கு வருவோம். அமெரிக்காவில் முட்டைக் கோழிகளைக் கோடிக்கணக்கில் கொன்றதால் 2025 மார்ச்சில் ஒரு டஜன் முட்டையின் சராசரி விலை 6.23 டாலர் வரை போயிற்று. நம் பணத்தில் ஐந்நூறு ரூபாய்க்கு மேல். ஒரு முட்டை நாற்பது ரூபாயைத் தாண்டினால் நம் புரோட்டாக் கடைகள் என்ன ஆகும் என்று யோசித்துப் பாருங்கள்.

நம் பொருநைக் கரையில்

இதையெல்லாம் நெல்லையில் உட்கார்ந்து ஏன் எழுதுகிறோம் என்றால், நோய் ஓரிடத்திலிருந்து இன்னோரிடத்துக்குத் தாவுவதற்கு வேண்டிய அத்தனையும் நம் பள்ளத்தாக்கில் பக்கம் பக்கமாக இருக்கின்றன.

நாங்குநேரி தாலுகா கூந்தன்குளம் 1994-ல் பறவைகள் சரணாலயமாக அறிவிக்கப்பட்டது. அந்த ஊர் மக்கள் பறவை வந்தால் மழை வரும், விளைச்சல் வரும் என்று நம்புகிறவர்கள். பறவை மிரளும் என்று தீபாவளிக்கு வெடி வெடிக்காதவர்கள். அங்கே இமயமலையைத் தாண்டிப் பறந்து வரும் வரித்தலை வாத்து உண்டு. சிங்காய் ஏரியில் செத்தது அதே இனம். 2021 ஜனவரியில் இமாசலப் பிரதேசம் போங் அணையில் ஆயிரக்கணக்கில் செத்ததும் பெரும்பாலும் அதே இனம்தான். இதனால் கூந்தன்குளத்துப் பறவைகளைக் குற்றவாளியாக்க வேண்டாம். பறவையை விரட்டினால் நோய் போகாது, கலைந்து நாலு குளத்துக்குப் போகும். தாமிரபரணிக் குளங்களில் ஆண்டுதோறும் ஜனவரியில் தன்னார்வலர்கள் நீர்ப்பறவைக் கணக்கெடுப்பு நடத்துகிறார்கள். அப்படிக் குளம் குளமாகப் பார்க்கும் கண்கள் இருந்தால்தான் செத்த பறவை முதலில் தெரியவரும்.

பிசானம் அறுவடை முடிந்த வயல்களில் ஆயிரக்கணக்கில் வாத்துகளை மேய்த்துக்கொண்டு வருகிறவர்களை நாம் எல்லோரும் பார்த்திருக்கிறோம். உதிர்ந்த நெல்லையும் நத்தையையும் தின்னும் அந்த வாத்தும், குளத்துக்கு வந்த காட்டு வாத்தும் ஒரே தண்ணீரில் இறங்குகின்றன. வாத்துக்குச் சில வேளை நோய் வெளியே தெரியாமலே இருக்கும், எச்சத்தில் கிருமி போய்க்கொண்டிருக்கும்.

மேற்கே புளியரைச் சோதனைச்சாவடி. 2019 முதல் தென்காசி மாவட்டத்தில் சேர்ந்திருக்கிறது. ஆலப்புழையில் நோய் என்றால் அங்கே கால்நடைத் துறையினர் மருந்துக் குழாயோடு நிற்பார்கள். கேரளத்திலிருந்து வரும் வண்டிச் சக்கரத்துக்குக் கிருமிநாசினி அடிப்பார்கள், கோழி வாத்து ஏற்றி வந்தால் திருப்பி விடுவார்கள். 2021, 2024, 2025 என்று பல முறை நடந்தாயிற்று. நம் லாரி ஓட்டுநர்கள் இதை ஒரு தொல்லையாக நினைத்து அவசரப்படுத்துவதாகக் கேள்விப்படுகிறோம். பத்து நிமிடம் நிற்பதால் சரக்கு கெடாது.

இனி, சொல்லியே ஆகவேண்டிய விஷயம் கழிவு. 2024 டிசம்பரில் நடுக்கல்லூர், கோடகநல்லூர், பழவூர் பகுதிகளில் கேரள மருத்துவக் கழிவைக் கொண்டுவந்து கொட்டியது நாடறிந்த செய்தி. தேசிய பசுமைத் தீர்ப்பாயம் தலையிட்ட பிறகு, அந்த மாதம் 22-ம் தேதி கேரள அதிகாரிகளே லாரிகளோடு வந்து அள்ளிக்கொண்டு போனார்கள். நமக்கெல்லாம் கோபம் வந்தது, வரவேண்டியதுதான். எல்லை தாண்டி வரும் கோழிக்கழிவு வண்டிகளைப் பொதுமக்கள் மடக்கிப் பிடித்த செய்தியும் அவ்வப்போது படிக்கிறோம். ஆனால் நெல்லைக் கால்வாய் ஓரமும் பாளையங்கால்வாய் ஓரமும் அதிகாலையில் நடந்து பாருங்கள். சாக்கில் கட்டி வீசிய குடலும் இறகும் கேரளத்திலிருந்து வந்தவை அல்ல.

அந்தச் சாக்கை நாய் கிழிக்கிறது, காகம் கொத்துகிறது. ஊரை ஒட்டிய காட்டுப் பக்கம் என்றால் நரியும் பன்றியும் வருகின்றன. களக்காடு முண்டந்துறை 1988 முதல் புலிகள் காப்பகம், நம் ஆறு பிறக்கும் காடு. அதன் அடிவாரக் கிராமங்களில் இரவில் சிறுத்தை இறங்கி நாயைத் தூக்கிப் போவது புதிய செய்தி அல்ல. கோழிக்கழிவைத் தின்னும் நாய், நாயைத் தின்னும் சிறுத்தை. நாக்பூரில் கூண்டுக்குள் நடந்தது இங்கே வெளியில் நடப்பதற்கு இன்னொரு வழி வேண்டியதில்லை. நோயுள்ள கோழி ஒன்று அந்தச் சாக்கில் இருந்துவிட்டால் போதும். இந்தக் கழிவை வாங்கி ஆப்பிரிக்கக் கெளுத்தி மீனுக்குப் போடுகிறவர்களும் இருக்கிறார்கள். அந்த மீனை வளர்ப்பதே தடை செய்யப்பட்டது என்பது தனிக் கதை.

சோளமும் பாக்கியும்

நோய் வந்தால் நஷ்டம் கோழிக்காரருக்கு மட்டும் என்று நினைக்கிறவர்களுக்கு ஒரு கணக்கு. முட்டைக் கோழி ஒன்று நாளுக்குச் சுமார் 110 கிராம் தீவனம் தின்னும். ஒரு லட்சம் கோழிக்கு 11 டன். அதில் ஏறத்தாழப் பாதி மக்காச்சோளம். ஆக ஒரு லட்சம் கோழியைப் புதைத்தால், நாளொன்றுக்கு ஐந்தரை டன் சோளத்துக்கு ஆள் இல்லை. கோவில்பட்டி, விளாத்திகுளம், சங்கரன்கோவில் கரிசலில் மானாவாரியாக விளைந்து, எங்களைப் போன்ற மண்டிகள் வழியாக நாமக்கல்லுக்கும் பல்லடத்துக்கும் போகும் சோளம் அது.

2006-ல் நோய் இருந்தது நவாப்பூரில், ஆயிரம் மைலுக்கு அப்பால். நாமக்கல்லில் ஒரு கோழிக்கும் வரவில்லை. ஆனால் ஜனங்கள் முட்டையைத் தொடவில்லை, கறிக்கோழிக் கடைகள் ஈயடித்தன. மேற்கே ஒரு தீவன ஆலைக்கு நாங்கள் அனுப்பியிருந்த சோளத்துக்குப் பணம் வர எட்டு மாதம் ஆயிற்று, வட்டியைப் பற்றிப் பேச்சே இல்லை. அந்த எட்டு மாதமும் கரிசல் விவசாயிக்கு நாங்கள் தர வேண்டிய பாக்கி காத்திருக்கவில்லை. இப்போது எரிசாராய ஆலைகளும் சோளம் வாங்குவதால் விலை அன்று போல ஒரேயடியாக விழாது. ஆனால் பாக்கி நிற்பது விலையைப் பொறுத்ததல்ல, ஆலையின் கையிருப்பைப் பொறுத்தது. தீவன ஆலைகளுக்கு அனுப்பும் நண்பர்கள், ஒரே ஆலையில் அதிகப் பாக்கி விடாமல் பிரித்து அனுப்புவது நல்லது. வடக்கே பறவை நோய்ச் செய்தி வந்த வாரமே பாக்கிப் பட்டியலை எடுத்துப் பார்த்துக்கொள்ளவும்.

அரசாங்க நட்டஈடு பற்றிப் பலர் கேட்கிறார்கள். நோய் கண்ட இடத்தில் அரசு உத்தரவுப்படி அழிக்கும் பறவைக்கும் முட்டைக்கும் உண்டு. செலவை மத்திய அரசும் மாநில அரசும் பாதிப் பாதியாக ஏற்கின்றன. 2021-ல் கேரளத்தில் இரண்டு மாதத்துக்கு மேற்பட்ட வாத்துக்கு 200 ரூபாயும், அதற்குக் குறைந்ததற்கு 100 ரூபாயும், முட்டைக்கு 5 ரூபாயும் கொடுத்தார்கள். ஆனால் அரசு வருமுன் தானாகச் செத்த பறவைக்குக் கிடையாது. ஆகவே நோய் தெரிந்த முதல் நாளே சொன்னவருக்குப் பணம் வரும், நாலு நாள் மறைத்தவருக்குச் செத்த கோழிதான் மிஞ்சும். 2009-ம் ஆண்டின் விலங்கு தொற்றுநோய்ச் சட்டப்படி தகவல் சொல்வது கடமையும்கூட. விற்காமல் தேங்கிய சரக்குக்கும் கடைக்காரரின் வியாபார இழப்புக்கும் நட்டஈடு கிடையாது. இதை மாற்றக் கேட்கலாம் என்பது நம் அபிப்பிராயம்.

கேரள அரசு 2024-ல் ஆலப்புழை மாவட்டத்திலும் சுற்றுப்பகுதிகளிலும் ஆண்டு முடியும் வரை கோழி வாத்து வளர்ப்பதற்கே தடை போட்டது. ஒரு மாவட்டத்தின் வாத்துத் தொழில் கிறிஸ்துமஸ் பருவத்தையே இழந்தது. 2025 டிசம்பரில் மறுபடி அங்கே நோய், மறுபடி கிறிஸ்துமஸ் நேரம்.

கடையில் செய்யத்தக்கவை

முதலில், சமைத்த கோழியாலும் வேகவைத்த முட்டையாலும் இந்த நோய் வராது. உள்ளே எல்லா இடத்திலும் 70 டிகிரி சூடு ஏறினால் கிருமி சாகும், நம் குழம்பு அதைத் தாண்டித்தான் கொதிக்கிறது. வாடிக்கையாளரிடம் தைரியமாகச் சொல்லலாம். அரைவேக்காடு, பச்சை முட்டை, பச்சைக் கறி ஆகியவை வேண்டாம். இந்தியாவில் இந்த நோயால் இறந்ததாக அறிவிக்கப்பட்டவர்களில் இருவர் சிறு பிள்ளைகள்: 2021-ல் அரியானாவைச் சேர்ந்த பதினோரு வயதுச் சிறுவன், 2025 மார்ச்சில் ஆந்திராவின் நரசராவ்பேட்டையைச் சேர்ந்த இரண்டு வயதுக் குழந்தை. அந்தக் குழந்தைக்குப் பச்சைக் கோழிக்கறித் துண்டு ஒன்று தின்னக் கொடுத்திருந்தார்கள் என்று செய்தி வந்தது. கோழி வெட்டுமிடத்தில் குழந்தைகளை நிறுத்தாதீர்கள்.

கோழிக்கடை வைத்திருப்பவர்கள் வழக்கத்தைவிட மலிவாக, எங்கிருந்து வருகிறது என்று தெரியாமல் வரும் லோடை எடுக்க வேண்டாம். ஒரு பகுதியில் நோய்ச் செய்தி கசிந்தவுடன் அரசு வருமுன் அவசர அவசரமாகக் கழித்துத் தள்ளும் கோழிதான் அப்படி வரும். பண்ணையின் பெயரும் ஊரும் பில்லில் இருக்க வேண்டும் என்று கேளுங்கள். வந்த கூண்டில் செத்த கோழி இரண்டு மூன்று இருப்பது வெயில் காலத்தில் சகஜம். ஆனால் தலை வீங்கி, கொண்டை நீலம் பாரித்து, மொத்தமாகச் செத்திருந்தால் அது வெயில் அல்ல. வெட்ட வேண்டாம், நாய்க்கும் போட வேண்டாம். 1962 என்ற கால்நடை உதவி எண்ணுக்கோ பக்கத்துக் கால்நடை மருத்துவமனைக்கோ சொல்லுங்கள். வெட்டும் ஆள் வாயையும் மூக்கையும் மூடிக்கொள்ளவும், கையுறை போடவும் பழக்க வேண்டும். அவருக்குக் காய்ச்சலும் கண் சிவப்பும் வந்தால், கோழி வெட்டும் தொழில் என்று டாக்டரிடம் சொல்லச் சொல்லுங்கள். அதைச் சொல்லாவிட்டால் சாதாரணச் சளி என்று மாத்திரை கொடுத்து அனுப்பிவிடுவார்கள்.

இந்தக் கிருமி கொடியதானாலும் மேல்தோல் மெல்லியது. சோப்புத் தண்ணீர், பிளீச்சிங் பவுடர், சுண்ணாம்பு, நல்ல வெயில் எதற்கும் தாங்காது. குளிர்ந்த தண்ணீரிலும் ஈர எச்சத்திலும்தான் வெகுநாள் கிடக்கும். எனவே கூண்டையும் வண்டித் தளத்தையும் கழுவி வெயிலில் காயப் போட்டாலே பாதி வேலை முடிந்தது. முட்டை மொத்த வியாபாரிகள் கவனிக்க வேண்டியது அட்டை. முப்பது முட்டை வைக்கும் காகித அட்டை கடைக்குக் கடை போய், எச்சம் ஒட்டியபடியே மறுபடி பண்ணைக்குத் திரும்புகிறது. காகித அட்டையைக் கழுவ முடியாது. போனது போனதாக இருக்கட்டும், திருப்பி அனுப்ப வேண்டாம். அட்டைக் காசு மிச்சம் பிடிப்பதற்குப் பண்ணையையே பணயம் வைக்க முடியாது. பிளாஸ்டிக் அட்டை என்றால் கழுவி அனுப்பலாம்.

கழிவு விஷயத்தில் ஒவ்வொரு கடைக்காரரும் தனித்தனியாக என்ன செய்ய முடியும் என்று கேட்கிறார்கள். உண்மைதான், இரவு பத்து மணிக்குக் கடை அடைக்கும்போது இருபது கிலோ குடலை வைத்துக்கொண்டு அவர் எங்கே போவார்? மாநகராட்சிக் குப்பை வண்டி அதைத் தொடுவதில்லை. ஆகவே கோழி, மீன், ஆட்டிறைச்சிக் கடைகளின் கழிவை எடுக்கத் தனி வண்டி வேண்டும் என்று சங்கத்தின் சார்பில் மாநகராட்சியிடம் மனுக் கொடுக்கலாம் என்பது நம் யோசனை. அதற்கு ஒரு மாதக் கட்டணம் வைத்தாலும் கடைகள் தரத் தயங்க மாட்டா. டவுண், ஜங்ஷன், பாளையங்கோட்டை, மேலப்பாளையம் பகுதி இறைச்சிக் கடை உறுப்பினர்கள், தங்கள் கடையில் நாளொன்றுக்கு எத்தனை கிலோ கழிவு சேருகிறது, ஞாயிற்றுக்கிழமை எத்தனை கிலோ என்பதை ஒரு துண்டுச் சீட்டில் எழுதிச் சங்க அலுவலகத்தில் கொடுத்தால், வண்டி எத்தனை நடை வர வேண்டும் என்று மனுவிலேயே கணக்குப் போட்டுக் கேட்டுவிடலாம்.